மைக்செட் காத்த ரகசியங்கள்

ஒலிமாசுக்கு எதிராக எத்தனை சட்டம் வந்தாலும், கோவில்பட்டிக்குக் கிழக்கே எங்கள் ஊர் மைக்செட்டை ஒன்றும் செய்ய முடியாது. அது அவனுக்கு ஊர் வைத்த பட்டப்பெயர்; தாய் தகப்பன் வைத்த பெயர் வாக்காளர் அட்டையோடு சரி. ஒன்றாம் வகுப்பில் நானும் அவனும் ஒரே பெஞ்சு. அவன் என் காதில் ரகசியம் சொன்னால் பக்கத்து வகுப்பு வாத்தியார் எட்டிப் பார்ப்பார்.

வளர்ந்ததும் கோவில் கொடைத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மைக்செட் போடும் தொழிலை எடுத்துக்கொண்டான். இந்தக் குரலுக்குக் குழாய் ஸ்பீக்கர் எதற்கு என்று ஊரில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நான் ஓட்டப்பிடாரத்தில் பெண் பார்த்துவிட்டு வந்ததை அவனிடம் மட்டும் சொன்னேன். சாயங்காலம் அம்மன் கோவில் குழாயில் வந்தது:

"நம்ம முருகேசன் பொண்ணு பாத்துட்டு வந்திருக்கான். பொண்ணு வீட்டுல இன்னும் பதில் சொல்லல. எல்லாரும் வேண்டிக்கிடணும்னு கேட்டுக்கிடுதோம்!"

ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தேன். "ஏம்ல இப்படிச் செஞ்ச?"

"நல்ல விசயந்தானல? நாலு பேருக்குத் தெரியாண்டாமா?"

நாலு பேர் என்றால் அவன் கணக்கில் நாலு ஊர். பெண் வீட்டார் சம்மதித்தார்கள். மறுத்தால் அதையும் அறிவிப்பானே என்ற பயமாக இருக்கலாம்.

பிறகு எனக்கு மூலத்துக்கு ஆபரேஷன் நடந்தது. நான் நலம்பெறச் சிறப்புப் பூஜை என்று அறிவித்தான். எந்த இடத்தில் நலம்பெற வேண்டும் என்பதையும் விளக்கமாகவே சொன்னான். ஊருக்குத் திரும்பி வந்தபோது டீக்கடையில் எல்லோரும் எழுந்து எனக்கு உட்கார இடம் கொடுத்தார்கள்.

போன கொடைக்கு என் அப்பாவைக் காணவில்லை. ஆயுசு முழுக்க ஆடு மேய்த்தவர். நினைவு தப்ப ஆரம்பித்ததும் ஆடுகளை விற்றுவிட்டோம். பஸ் ஸ்டாண்ட், கண்மாய்க்கரை எல்லாம் தேடியாயிற்று. காட்டுப்பக்கம் கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறுகள் இருக்கின்றன. மைக்செட்டிடம் ஓடினேன்.

"அப்பாவக் காணலைல. பேரச் சொல்லிக் கூப்பிடு."

பாட்டை நிறுத்தினான். "பேரு அவியளுக்கே ஞாபகமில்லையே, சும்மா இருல" என்று சொல்லிவிட்டு மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்தான்.

"பெரியப்பா! உங்க ஆடு பூராவும் கம்பங்காட்டுல விழுந்து மேயுது! காட்டுக்காரன் கம்பெடுத்துட்டு வாரான்! ஓடி வாங்க!"

திரும்பத் திரும்பக் கத்தினான். தொண்டை கிழிந்து குரல் உடைந்த பிறகும் விடவில்லை. எனக்கு எரிச்சல்கூட வந்தது. அப்போதுதான் கிழக்கே பயிருக்குள்ளிருந்து துண்டைச் சுழற்றிக்கொண்டு ஓர் உருவம் ஓடி வந்தது.

"எவம்ல அவன், என் ஆட்ட அடிக்கவன்?"

அப்பாதான்.

பந்தலில் உட்காரவைத்தும் அவர் அடங்கவில்லை. "ஆடு எங்கல?"

"பட்டியில அடைச்சாச்சு, பெரியப்பா."

கொஞ்ச நேரத்தில் மறுபடியும், "ஆடு எங்கல?"

"அடைச்சாச்சு, பெரியப்பா. ஒண்ணுகூடக் கொறையல."

பாட்டு எங்கே என்று கமிட்டிக்காரர்கள் சத்தம் போட்டார்கள். மைக்செட் எழுந்திருக்கவில்லை. அப்பாவின் காலில் அப்பியிருந்த கரிசல் மண்ணைத் தன் துண்டால் துடைத்தபடி, அவர் கேட்கும்போதெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் ஒருத்தன் என்று சொல்லிவிடுகிறேன்.