ஆனாலண்ணையும் ஓடாத கரவனும்

லண்டனில் 'ஆனால்' என்ற சொல்லை அதிகம் செலவழித்தவர் யார் என்று ஒரு போட்டி வைத்திருந்தால், செவன் கிங்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்தான் கோப்பையை வாங்கியிருப்பார். "கோப்பை நல்லதுதான், ஆனா வைக்க இடமில்லை" என்றும் சொல்லியிருப்பார். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டுமே தெரியும். எங்களுக்கெல்லாம் அவர் ஆனாலண்ணை.

எண்பதுகளின் கடைசியில் அவர் வீடு ஒரு சத்திரம். ஹீத்ரோவில் இறங்குகிற சொந்தக்காரர், சொந்தக்காரரின் ஊர்க்காரர் எல்லோரும் பெட்டியோடு நேரே அங்கேதான் வருவார்கள். அவர் மனைவி மகேஸ் அக்காவுக்கு ஒரு தேத்தண்ணியைத் தனியாக இருந்து குடிக்க வாய்த்ததில்லை. அதனால் கடற்கரைப் பக்கம் ஒரு ஸ்டாட்டிக் கரவன் வாங்க ஆசைப்பட்டார். சில்லு பூட்டிய பெட்டி வீடு அது. பெயர்தான் கரவன், அதற்கென்றே இருக்கிற பார்க்கில் கொண்டுவந்து நிறுத்தினால் பிறகு அசையாது, விடுமுறைக்குப் போய்த் தங்கலாம்.

"யன்னலாலை கடலைப் பாத்துக்கொண்டு ஒரு தேத்தண்ணி குடிக்க வேணும். வேற ஒண்டும் வேண்டாம்" என்பார்.

ஆனாலண்ணை வருடக்கணக்காக யோசித்தார். "காத்து நல்லம். ஆனா மாரியிலை பார்க்கைப் பூட்டிப்போடுவாங்கள். சொந்தமா இருக்கும். ஆனா நிலத்துக்கு வாடகை. அதுவும் பழசானா தூக்கிக்கொண்டு போ எண்டுவாங்கள். வண்டியெண்டா ஓட வேணும், வீடெண்டா விலை ஏற வேணும். இது ரெண்டுங்கெட்டான்!" இதைக் கல்யாண வீட்டில் சொன்னார். ஒருமுறை செத்தவீட்டிலும் சொன்னார்.

கடைசியில் மகேஸ் அக்கா, "நீங்கள் யோசிச்சுக்கொண்டிருங்கோ, நான் வாங்கிப்போட்டு வாறன்" என்று போய், தையல் வேலையில் சேர்த்த காசைக் கட்டிவிட்டு வந்தார்.

உடனே புதுச் சிக்கல். புது வீடென்றால் குசினி அடுப்பில் பால் காய்ச்ச வேண்டும், புது வண்டியென்றால் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசிக்க வேண்டும். இதற்கு எது? ஆனாலண்ணை ஐயருக்கு போன் எடுத்தார்.

"சில்லு இருக்கோ?" என்று கேட்டார் ஐயர்.

"இருக்கு ஐயா. ஆனா ஓடாது."

"குசினி இருக்கோ?"

"இருக்கு. ஆனா..."

"ரெண்டையும் செய்யுங்கோ" என்று ஐயர் போனை வைத்துவிட்டார்.

ஒரு வாடகை வானில் ஏறி நாங்கள் ஏழெட்டுப் பேர் போனோம். கரவன் முதல் நாள்தான் வந்து இறங்கியிருந்தது. அசையாமல் இருக்க அடியில் வைக்கிற கல்லை இன்னும் வைக்கவில்லை. அக்கா ஆசையோடு குசினி யன்னல் திரையை விலக்கினார். கடல் இல்லை. அடுத்த கரவனின் முதுகும் ஒரு காஸ் சிலிண்டரும்தான் தெரிந்தன. அவர் திரும்பிப் பாலை அடுப்பில் வைத்தார். எங்களுக்குத்தான் மனம் கேட்கவில்லை.

பால் பொங்கியது. அக்காவை உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்து, சேற்றுக்குள் கைவிட்டுச் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய்களை வைத்தோம். வைத்த பிறகுதான் புரிந்தது, வண்டி அசைந்தால்தானே தேசிக்காய் நசியும்! ஒரு மூலையில் எங்கள் பெடியள் எல்லோரும் தோள் கொடுத்தார்கள். மற்ற மூலையில் ஆனாலண்ணை தனியாக நின்று, "தள்ளலாம், ஆனா..." என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் கரவன் ஒரு முனகலோடு கால்வாசி திரும்பிவிட்டது. தேசிக்காய் சட்னி. பார்க் மேனேஜர் "ஸ்டாட்டிக்! ஸ்டாட்டிக்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

அப்போது உள்ளேயிருந்து அக்காவின் குரல். "இஞ்சருங்கோ! ஓடியாங்கோ!"

பால்பானை கவிழ்ந்துவிட்டதென்று பயந்து, மேனேஜர் உட்பட எல்லோரும் உள்ளே பாய்ந்தோம். அக்கா யன்னலைக் காட்டினார். இரண்டு கரவன்களுக்கு நடுவே, ஒரு சால்வை அகலத்துக்குக் கடல்.

மேனேஜர் யன்னலைப் பார்த்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார். கல்லை இப்படியே வைக்கச் சொல்கிறேன் என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தார்.

ஆனாலண்ணை மனைவிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். "நல்லதுதான்" என்றார். நாங்கள் காத்திருந்தோம். அந்தச் சொல் வரவில்லை. பதிலாக எங்கள் பக்கம் திரும்பி, "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? எல்லாரும் வெளியிலை வாங்கோ. அவ தேத்தண்ணி குடிக்கட்டும்" என்று எங்களைத் தள்ளிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினார்.

எனக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால், கையெல்லாம் சேறு.