சிரிக்கவும் விடாதீர்கள், அழவும் விடாதீர்கள்

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் மச்சினி எழுதுவது. முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். இத்தனை வருஷத்தில் உங்களிடம் நான் நேராகப் பேசியதெல்லாம் "சாப்பிட வாங்க மாமா", "அக்கா குளிக்கிறா மாமா" இரண்டும்தான். மூன்றாவது பேச்சே இவ்வளவு நீளமாக இருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் மகள் மிளகு தூங்குவதுபோல் கிடந்து எல்லாவற்றையும் கேட்கிறாள். அதனால், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நாங்கள் தங்கியிருக்கும் ஹோட்டல் அறையில் மேசைமேல் வைத்திருக்கும் தாளில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். பஸ் ஓட்டிக்கொண்டிருந்தால் படிக்க வேண்டாம். ஓரமாக நிறுத்திவிட்டுப் படியுங்கள். பயணிகள் எல்லாரும் இறங்கியபிறகு என்றால் இன்னும் நல்லது. அக்காவுக்குக் காட்டாதீர்கள், பச்சை உடம்புக்காரி.

நீங்களும் அக்காவும் கைக்குழந்தையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மிளகும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். நாளைக் காலை கண் கட்டைப் பிரிக்கும்வரை அந்த ஒரு வரியை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

மிளகின் மாறுகண் ஆபரேஷனுக்குக் கூட யார் போவது என்று பேச்சு வந்தபோது அப்பா, "படிச்சவ போனாத்தான் டாக்டர் பேசுறது புரியும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நான் படித்தது வணிகவியல். அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் பாதி ஆங்கிலத்திலும் பாதி அவசரத்திலும் ஏதோ சொன்னார். தலையாட்டினேன். பிறகு நர்ஸம்மா வந்து, மிளகுக்கும், பக்கத்து நாற்காலியில் அன்றைக்கே கண் ஆபரேஷன் ஆகி மனைவியோடு உட்கார்ந்திருந்த ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவருக்கும் நடுவில் நின்று, செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்தார். அதற்கும் தலையாட்டினேன். எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: குனியக் கூடாது. பலமாகச் சிரிக்கக் கூடாது. அழக் கூடாது. தூசி படாமல் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

ஆக, ஐந்து வயதுப் பிள்ளையை ஒரே அறைக்குள் அடைத்து, சிரிக்கவும் விடாமல், அழவும் விடாமல், சந்தோஷமாக வைத்திருக்க வேண்டும். இந்த அறையின் குளியலறைக் குழாயும் அப்படித்தான். ஒரு பக்கம் திருப்பினால் கொதிக்கிறது, இன்னொரு பக்கம் திருப்பினால் விறைக்கிறது, நடுவில் மயிரிழை இடத்தில் மட்டும் வெதுவெதுப்பாக வருகிறது. நான் நாள் முழுக்க அந்த மயிரிழையில் நிற்கிறேன். கட்டில்தான் பஸ். தலையணைகள் பயணிகள். டிரைவர் உங்கள் மகள். கண்டக்டர், சில்லறை இல்லாத பயணி, பிரேக் சத்தம் எல்லாம் நான். டிக்கெட் கீழே விழுந்தால் அவள் குனியக் கூடாது என்பதால் நான் குனிகிறேன். விழாவிட்டால் அவளே ஒன்றைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். பிரேக் சத்தம் இப்போது எனக்கு நன்றாக வந்துவிட்டது, அதுதான் ஆபத்து. அவள் உதடு மேலே ஏறத் தொடங்கியதும் நான் சட்டென்று நிமிர்ந்து, முதலாண்டுக் கணக்குப் பாடத்திலிருந்து இரட்டைப் பதிவு முறையின் விதிகளைச் சொல்கிறேன். சிரிப்பு அடங்கிவிடுகிறது. இரண்டு வரி கூடுதலாகச் சொல்லிவிட்டால் அழுகை வந்துவிடுகிறது.

இதில் நான் செய்த பெரிய முட்டாள்தனம், அழக் கூடாது என்பதை அவளிடமே விளக்கிச் சொன்னது. அந்த நிமிஷத்திலிருந்து உங்கள் மகள் அழுகையை வைத்து வியாபாரம் செய்கிறாள்.

"சித்தி, எனக்கு அழுக வர்ற மாதிரி இருக்கு."

"வேணாம்டி செல்லம். என்ன வேணும் சொல்லு."

"கீழ இருக்குற அங்கிளுக்கு போன் போட்டு யானை இருக்கான்னு கேளு."

"ஹோட்டல்ல எல்லாம் யானை இருக்காதுடி."

"கேக்காமயே உனக்கு எப்படித் தெரியும்?"

கீழுதடு பிதுங்கியது. மாமா, ஒரு டம்ளர் பால் வேண்டும் என்று கீழே சொல்வதற்கே குளியலறைக்குள் போய் நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வருகிறவள் நான். கேட்டேன். வரவேற்பில் இருந்தவர் ஏதோ நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "இப்போதைக்கு இல்லீங்க மேடம். எத்தனை பேருக்கு வேணும்?" என்றார். ஒருவருக்கு என்று சொல்லிவிட்டு வைத்தேன். அதிலிருந்து வெளியே எட்டிப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

அறையைச் சுத்தம் செய்ய வரும் அம்மாவையும் இவள் விடவில்லை. அழுகையைக் காட்டி அவரைப் பஸ்ஸில் ஏற்றச் சொன்னாள். அவரும் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுக் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "டிரைவரம்மா, கொஞ்சம் மெதுவா போங்க, என் புருஷன் பின்னாடியே ஓடி வர்றான்."

"நிறுத்தி ஏத்திக்கவா?"

"வேணாம், ஓடட்டும். தொப்பையாவது குறையும்."

மிளகின் தோள் குலுங்க ஆரம்பித்தது. நான் பதறிப்போய், "அக்கா, தயவுசெஞ்சு பிள்ளைய சிரிக்க வைக்காதீங்க" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, நீ டீச்சரா?"

இது போதாதென்று அந்த வாத்தியாரும் பக்கத்து அறையில்தான் தங்கியிருக்கிறார். டிவி பார்த்து அவர் சிரிக்கும் சிரிப்பில் நடுச்சுவர் அதிர்கிறது. "அந்தத் தாத்தா மட்டும் சிரிக்கலாமா?" என்று மிளகு கேட்கிறாள். அவர் மனைவியை வராந்தாவில் பார்த்தபோது நானும் ஜாடையாகக் கேட்டேன். "அதை ஏன் கேக்குற, இவர இஷ்டத்துக்கு விளையாட விடுங்கன்னு அந்த நர்ஸே சொல்லிருச்சு. அடம் புடிச்சா மிட்டாய் குடுங்கன்னுது. முப்பது வருஷமா நான் அதத்தானே செய்யிறேன்" என்றார். வயதானவர்களுக்கு ஏதோ சலுகை உண்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

இன்று காலைதான் அது நடந்தது. துவைக்க எடுத்துப்போன துணியோடு சின்னத் தலையணை ஒன்றும் போய்விட்டது. அந்தத் தலையணைக்கு அவள் "தம்பி" என்று பெயர் வைத்து, தினமும் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே படுக்க வைத்திருந்தது எனக்குத் தெரியாது. முதலில் கட்டில் முழுக்கத் தேடினாள். பிறகு, "அம்மாகிட்ட போகணும்" என்றாள். பிறகு அழுதாள். வியாபார அழுகை இல்லை மாமா, நிஜ அழுகை, மூச்சு விடாமல். யானை வேண்டுமா என்றேன், கேட்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நானே கட்டிலில் ஏறி பிரேக் போட்டேன். கால் போர்வையில் சிக்கி, பிடிக்கப் போன ஜன்னல் திரையோடும் அதன் கம்பியோடும் சேர்ந்து தரையில் விழுந்தேன். அழுதுகொண்டிருந்தவள் அப்படியே சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே, சித்தி எங்கே என்று கட்டில் ஓரத்திலிருந்து தலைகீழாகத் தொங்கிப் பார்த்தாள். அழுகை, சிரிப்பு, குனிதல், மூன்றும் ஒரே நேரத்தில். திரைக்குள்ளிருந்து அதைப் பார்த்தபோது எனக்கு உயிரே இல்லை.

கண் கட்டின் ஓரம் நனைந்திருக்கிறது. ரத்தமோ என்று பார்த்தேன், கண்ணீர்தான். ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தி, மணி அடித்ததும் வைத்துவிட்டேன். என்னவென்று கேட்பது? பிள்ளை சிரித்துவிட்டாள் என்றா? இப்போது அவள் அசந்து தூங்குகிறாள், நான் அந்தக் கண் கட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கு அதைப் பிரிக்கும்போது கண் மறுபடி பழைய இடத்துக்கே போயிருந்தால், அது பிள்ளை மேலும் தப்பில்லை, டாக்டர் மேலும் தப்பில்லை. என் மேல்தான். இதை முன்கூட்டியே உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதினேன். நீங்கள் என்ன திட்டினாலும் சரி. நீங்கள் திட்டி நான் கேட்டதே இல்லை, அதனால் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியவில்லை.

அக்காவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். கைக்குழந்தைக்கு என் முத்தம். அப்பாவிடம் எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பணிவும் பயமும் உள்ள,
உங்கள் மச்சினி

பி.கு.: போட்டோ எடுக்கப் போகும்போது கதவு தட்டப்பட்டது. வாத்தியார் மனைவி. "மிட்டாய் இருக்கா பாப்பா? மனுஷன் டிவிய அணைக்க மாட்டேன்னு அடம் புடிக்கிறாரு." எடுத்துக் கொடுக்கக் கை நீட்டினேன், அப்படியே நின்றுவிட்டது. விளையாட விடு, அடம் பிடித்தால் மிட்டாய் கொடு என்பதெல்லாம் ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்வதுபோல அல்லவா இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். இந்தத் தடவை வைக்கவில்லை. நர்ஸம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கொழந்தைதானேம்மா. சிரிக்கட்டும், அழட்டும், தலைகீழா நிக்கட்டும். கண்ணக் கசக்காம, தண்ணி படாம பாத்துக்கிட்டா போதும். மத்ததெல்லாம் அந்தப் பெரியவருக்குச் சொன்னது. ரெண்டு பேரும் நல்லாத் தலையாட்டுனீங்களே" என்றார். பெரியவரை அவர் மனைவி உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார். கண் நன்றாக இருக்கிறதாம். இப்போது பக்கத்து அறையில் சத்தமே இல்லை. ஆகவே மேலே எழுதியதில் எதையும் நம்ப வேண்டாம். மிளகு சுகம்.

ஆனால் மாமா, கேட்க வேண்டியதை இன்னும் கேட்கவில்லை. போன மாதம் முட்டி வலிக்கு அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனதும் நான்தான். அங்கேயும் இப்படித்தான் தலையாட்டினேன். தினமும் நன்றாக நடக்கச் சொன்னார்கள் என்று வீட்டில் வந்து சொன்னேன். மகள் சொன்னாள் என்று மழையில்கூடக் குடை பிடித்துக்கொண்டு நடக்கிறார். அந்த டாக்டர் நடக்கச் சொன்னாரா, நடக்கவே கூடாது என்றாரா என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் நினைவு வரவில்லை. நாளைக்கு அந்த டாக்டருக்கும் போன் போட்டுக் கேட்டுவிடுகிறேன். அதுவரைக்கும், காரணம் எதுவும் சொல்லாமல், அப்பாவை எப்படியாவது ஒரு நாற்காலியில் உட்கார வையுங்கள்.