முயல் வண்டிக்கு இரும்புச் சட்டை

ஒரு காட்டில் (காடு என்று மரியாதைக்குச் சொல்கிறேன், பாதிக்கு மேல் ரோடு போட்டாகிவிட்டது) மரகதம் என்றொரு முயல் இருந்தாள். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்கூடத்தில் குட்டிகளை விட்டு வர வேண்டும். நடந்து போனால் வழியில் நரி. அதனால் கடனை உடனை வாங்கி ஒரு சின்னக் கார் எடுத்தாள்.

காடே திரண்டு வந்து பார்த்தது. கலர் எப்படி என்று யாராவது கேட்டார்களா? "மைலேஜ் என்ன குடுக்குது?" அவ்வளவுதான்.

"பெட்ரோல் வாசனை காட்டினாலே ஓடுதுண்ணே!" என்று பூரித்துப் போனாள் மரகதம்.

யானை கரிமுத்து வைத்திருந்தது பிரம்மாண்டமான வண்டி. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஏதாவது இருந்தால் அது கீ கீ என்று கத்தும். காது வலிக்கிறதாம், வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். சீட் பெல்ட் போடாவிட்டாலும் கத்தும் என்பதால், பெல்ட் இல்லாத வெறும் கொக்கியை மட்டும் கடையில் வாங்கிச் செருகிவிட்டார். காட்டின் சாலைப் பாதுகாப்புக் குழுத் தலைவரும் அவரேதான். சிரிக்காதீர்கள்.

ஒரு நாள் சந்தையில் அவர் ரிவர்ஸ் எடுத்தார். மரகதத்தின் காரின் பின்பக்கம் அப்பளமாகிவிட்டது. நல்ல வேளை, குட்டிகள் தண்ணீர் குடிக்க இறங்கியிருந்தன.

சிங்கராஜா சபையைக் கூட்டினார்.

"ஐயோ, பச்சப் புள்ளைங்க உள்ளே இருந்திருந்தா?" என்று கரிமுத்து கண்ணீர் விட்டார். "சின்ன வண்டியே ஆபத்து மகாராஜா! எல்லாத்துக்கும் சுத்தி இரும்புத் தகடு அடிக்கச் சட்டம் போடுங்க."

"ராஜா, அவரை அந்த வயரை மாட்டச் சொன்னாப் போதுமே," என்றாள் மரகதம்.

சிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "அது அவரோட சொந்த விருப்பம்மா. அதுல எல்லாம் அரசாங்கம் தலையிடலாமா?"

காரைத் தட்டி நிமிர்த்தித் தகடு அடித்தார்கள். பாதி மலை ஏறுவதற்குள் டேங்க் காலி. குட்டிகள் இறங்கித் தள்ளின. புதருக்குள் நரி எச்சில் விழுங்குவது கேட்டது.

மறுவாரமே மரகதம் குடியிருந்த வளையை அடமானம் வைத்து, கரிமுத்து வண்டியைவிட ஒரு சாண் உயரமான வண்டியாக எடுத்துவிட்டாள். ஸ்டியரிங் எட்டவில்லை, தலையணை போட்டு உட்கார்ந்தாள். இப்போது ஒருத்தரும் மைலேஜ் கேட்கவில்லை, வணக்கம் வைத்தார்கள். பாதுகாப்புக் குழுவிலும் ஒரு நாற்காலி கிடைத்தது. குட்டிகள் பின் சீட்டில் அசந்து தூங்கும்போது வண்டி கத்தினால் எப்படி? அவளும் வயரைப் பிடுங்கினாள்.

அன்று சாயங்காலம் ரிவர்ஸ் எடுக்கும்போது நொறுக்கென்று ஒரு சத்தம். பதறி இறங்கிப் பார்த்தாள். ஸ்கூட்டரும் கையுமாக ஆமை கிடந்தது.

"ஓடு போட்டுக்கிட்டுத்தானேம்மா வந்தேன்..." என்று முனகியது ஆமை.

மரகதத்துக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அழுதுகொண்டே கரிமுத்துவுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, ஒரு ஓடு பத்தாதுண்ணே. ஆமைங்க எல்லாம் இனிமே ரெண்டு ஓடு போடணும்னு உடனே சட்டம் கொண்டாங்க!"

நீதி: இடிக்கிறவருக்கு விருப்பம், இடிபடுகிறவருக்குப் பாதுகாப்பு. எது வேண்டும் என்று வண்டி எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பிறகு மாற்றித் தர மாட்டார்கள்.