வெள்ளிக்கிழமைதோறும் என் ஜாதகம்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி வரை சல்லடை போட்டுத் தேடினாலும் ரீஸ்டோர்காரரைப் போல ஒரு சந்தேகப் பிராணி கிடைக்கமாட்டார். டிக்கெட் வாங்கிய பிறகும், "இது பொள்ளாச்சிதானுங்களே போகுது?" என்று கண்டக்டர், டிரைவர், பக்கத்து சீட்டுக்காரர் மூவரிடமும் கேட்டுத்தான் உட்காருவார்.

திருமணத் தகவல் மையம் ஒன்றில் அவர் ஜாதகம் டைப் அடிப்பவர். நான் அதே மையத்தில் வேலை பார்த்த, கம்ப்யூட்டர் படித்த மேதாவி. தினமும் சாயந்திரம் கறுப்புத் திரையில் ஒரு வரி கமாண்ட் தட்டி, ஜாதகங்கள் இருக்கும் டேட்டாபேஸை பேக்கப், அதாவது நகல், எடுப்பேன். அவரோ வெள்ளிதோறும் அந்த ஃபைலைப் பின்னறைப் பழைய கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, அதாவது நகலிலிருந்து ஜாதகங்களை மறுபடி வரவழைத்து, பார்ப்பார். அதனால்தான் அந்தப் பெயர். வைத்தவன் நான்.

"ஃபைல்தான் இருக்குதுங்களே, அப்புறம் எதுக்கு இந்த வேலை?" என்று சிரிப்பேன்.

"மூட்டையை அவுத்துப் பாத்தாத்தானுங்க உள்ள நெல்லா உமியான்னு தெரியும்."

ஒரு சனிக்கிழமை காலை. இரட்டைப் பதிவுகளை நீக்குகிறேன் பேர்வழி என்று மொத்த ஜாதகங்களையும் அழித்துவிட்டேன். பதறவில்லை. பேக்கப் இருக்கிறதே! கீபோர்டில் மேல் அம்புக்குறியைத் தட்டினால் முன்பு அடித்த கமாண்டுகள் ஒவ்வொன்றாக வரும். வந்தது ரீஸ்டோர் கமாண்ட் என்று நினைத்து என்டரை அழுத்தினேன். வந்திருந்தது பேக்கப் கமாண்ட். அது காலி டேட்டாபேஸை வெகு பொறுப்பாகப் பேக்கப் எடுத்து, முந்தின நாள் ஃபைலின் மேலேயே எழுதிவிட்டது.

அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா எட்டிப் பார்த்தார். "பதினோரு மணிக்கு எலப்புள்ளி மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. பொண்ணு ஜாதகம் அஞ்சு எடுத்து வையுங்க."

வேலை போனதென்றே முடிவுகட்டிப் பின்னறைக்கு ஓடினேன். ரீஸ்டோர்காரர் திட்டவில்லை, சிரிக்கவுமில்லை.

"நேத்து வெள்ளிக்கிழமைங்களே," என்றார்.

முந்தின நாள் அவர் ரீஸ்டோர் செய்தது பழைய கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. அதிலிருந்து பேக்கப் எடுத்து, என் கம்ப்யூட்டரில் ஏற்றினார். கமாண்டை வாய்விட்டு மூன்று முறை படித்த பிறகே என்டர். முடிந்ததும் சரிபார்க்க ஒரு பெயரைத் தேடினார். திரையில் வந்தது என் ஜாதகம். வயது முப்பத்தி நாலு, வரன் அமையவில்லை.

"ஊர்ப்பட்ட பேரு இருக்கையில எம்பேரு எதுக்குங்க?"

"மத்தவிங்க எல்லாம் கண்ணாலமாகிப் போயிர்றாங்க. நீங்கதானுங்க நெலையா இருக்கறீங்க."

பிறகு எனக்கும் கல்யாணமாகி, பொள்ளாச்சியில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். போன மாதம் ரீஸ்டோர்காரரிடம் போனில், என் ஜாதகத்தை எடுத்துவிட்டாரா என்று கேட்டேன்.

"இல்லீங்க. உங்க பேரு வந்தாத்தான் எனக்கு எல்லாம் வந்தாப்ல."

எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் மட்டும் இதைச் சொல்லவில்லை. வாரம் தவறாமல் என்னைத் தேடுகிற ஆள் உலகத்தில் அவர் ஒருவர்தான்.