ஆயில் மேஸ்திரியும் ஒரு பொட்டுச் சந்தனமும்

திருவண்ணாமலையில் மலையைத் தவிர மற்ற எதையும் தூக்கிவிடலாம் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் ஆயில் மேஸ்திரி. மலையைப் பற்றிக் கேட்டாலும், “சிலிண்டர் பெருசா கெடைக்கட்டும், பாக்கலாம்” என்பார்.

வேட்டவலம் ரோட்டில் லாரி பட்டறை. உலகமே எண்ணெய் அழுத்தத்தில்தான் ஓடுகிறது என்பது அவர் கட்சி. ரேஷன் கடை திறக்காவிட்டால், “வால்வு மாட்டிக்கிச்சு.” டாக்டர் ஒருமுறை, “உங்களுக்கு பிரஷர் ஜாஸ்தி” என்றபோது, “அப்ப எங்கியும் லீக் இல்ல” என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்டார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தெருவிளக்குகளைக் கவனிக்கும் அலுவலகத்தில் நான் கிளார்க். எங்கள் வயர்மேன் கோவிந்தன் மூங்கில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டான். அலுவலகம் உடனே நடவடிக்கை எடுத்தது. ஏணிக்குப் பச்சை பெயின்ட் அடித்தது!

மேஸ்திரிக்கு வந்ததே கோபம். “கார்த்திகை தீபத்துக்குள்ள அந்த ஏணிய அடுப்புல வெக்கறேன் பாருங்க” என்று சபதம் போட்டார். கீழ்பென்னாத்தூரில் கிடந்த பழைய டிப்பர் லாரியின் சிலிண்டரை வாங்கி வந்து, கத்தரி மாதிரி குறுக்குக் கால்கள் வைத்து, மேலே ஒரு மேடை கட்டினார்.

“கேளுங்க கிளார்க்கு சார். இந்தக் கைப்பிடிய அடிச்சா டேங்குல இருக்கற எண்ணெய் சிலிண்டருக்குப் போவும். எண்ணெய நசுக்க முடியாது. அது உள்ள இருக்கற தண்ட வெளிய தள்ளும், கத்தரி நிமிரும், மேட மேல போவும். ஒருவழி வால்வு இருக்கு, எண்ணெய் திரும்பாது. எறங்கணுமா? இன்னொரு வால்வத் தொறந்தா மேடையோட எடையே எண்ணெய டேங்குக்குத் தள்ளிடும்.”

“நசுக்கவே முடியாதா?”

“உங்க ஆபீஸ்ல ஃபைல நசுக்கலாம். எண்ணெய முடியாது.”

ஆயுத பூஜை முடிந்த மறுவாரம் தேரடித் தெருவில் சோதனை. தேறாவிட்டால் கோவிந்தனுக்கு மறுபடி ஏணிதான். பெரிய அதிகாரி மாலையும் கழுத்துமாக மேடையில் ஏறினார். மேஸ்திரி அடிக்க அடிக்க, மேடை பத்தடி போய் நின்றுவிட்டது. கைப்பிடி சும்மா ஆடுகிறது, அதிகாரி மேலே போகவில்லை. அந்த வழியாகப் போன வெளியூர் பக்தர்கள் அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“யோவ், எறக்குய்யா!”

“எறக்கறது ஒரு நிமிஷ வேலைங்க. எறக்கிட்டா ‘வேலைக்கு ஆவாது’னு எழுதிட்டு ஜீப்புல ஏறிடுவீங்க. இருங்க.”

“எனக்கு மீட்டிங் இருக்குய்யா!”

“அங்கியே நடத்துங்க. காத்தோட்டமா இருக்கும்.”

மேஸ்திரி டேங்க் மூடியைத் தடவினார். அதில் ஊசி முனை அளவு ஓட்டை உண்டு. எண்ணெய் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் பம்ப் எண்ணெயை இழுக்காது. அந்த ஓட்டையின் மேல் ஒரு பொட்டுச் சந்தனம், நடுவில் குங்குமம். காய்ந்து கல்லாகியிருந்தது. சட்டையிலிருந்த ஊக்கைக் கழற்றிக் குத்தினார். ‘ஸ்ஸ்’ என்று டேங்க் மூச்சை இழுத்தது. மேடை ஜம்மென்று பல்பு வரைக்கும் போனது.

அதிகாரி இறங்கியதும் கேட்டார். “எவன்யா அதுல சந்தனம் வெச்சது?”

பூஜையன்று பட்டறையில் இந்த மூடி மட்டும் மொட்டையாக இருக்கிறதே என்று ஆசை ஆசையாக வைத்தவன் நான்தான். மேஸ்திரி என் முழியைப் பார்த்தார்.

“நான்தாங்க. பூஜை ஜோர்ல வெச்சுட்டேன்” என்றார்.

அதிகாரி ‘திருப்திகரம்’ என்று எழுதினார். தமது யோசனைப்படி செய்யப்பட்டது என்றும் எழுதினார். நான்தான் டைப் அடித்தேன், வெட்கமில்லாமல். அந்தத் தீபத்துக்கு கோவிந்தன் நொண்டிக்கொண்டே வந்து மேடையில் ஏறி, ஒரு கையில் டீயோடு பல்பு மாட்டினான். பச்சை ஏணியில் மேஸ்திரி வீட்டு வெந்நீர் கொதித்தது.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு நான் தள்ளியே நின்றேன். மேஸ்திரி கையைப் பிடித்து இழுத்தார். “வைங்க கிளார்க்கு சார், நீங்க வெச்சாதான் எனக்குத் திருப்தி” என்றார். அப்புறம் டேங்க் மூடியின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். நான் அந்தக் கையின் மேலேயே ஒரு பொட்டு வைத்தேன்.