பாதிக் கம்ப்யூட்டர்க்காரன்

கல்யாணமாகி ஒன்பதாவது வருஷம் நான் ஒரு வீர சபதம் எடுத்தேன். இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்கும் பொருள் ஒன்றாவது இருந்தே தீரணும்!

மிக்ஸி கேட்காது. நான் சுவிட்சைப் போட்டால் மூடியைத் தூக்கி என் மேலேயே அடிக்கும். டி.வி. ரிமோட் என் கைக்கு வந்த நிமிஷம் பேட்டரி தீர்ந்துபோகும். மிச்சம் இருந்தது கம்ப்யூட்டர்.

என் பெயர் அசோகன். துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டு கிளார்க். நான் கை காட்டுகிற இடத்தில்தான் சிங்கப்பூர்ப் பெட்டியே இறங்கும். சாயந்தரம் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடி ஏறி வந்தால், நான் எங்கே குந்த வேண்டும் என்று என் மனைவி யசோதரா கை காட்டுவாள்.

கம்ப்யூட்டர் அவளுடையது. டி.டி.பி. படித்தவள். பள்ளிக்கூடங்களுக்குக் கேள்வித்தாள் டைப் அடித்துத் தருவாள். நாள் முழுக்க அதன் முன்னால்தான். நான் பக்கத்தில் போனால், "தள்ளி நில்லுய்யா, மூச்சு பட்டா ஃபைலு கெட்டுடும்" என்பாள். ஒன்பது வருஷமாக அவளுக்குப் பக்கத்தில் மூச்சு விடுகிறேன். அவள் கெட்டாளா?

இந்தத் துயரத்தை பாஸ்கலிடம் சொன்னேன். பாஸ்கல் ராயபுரத்துக்காரன், துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக், என் தோஸ்து.

"இன்னா மாமு, இதுக்குப் போயி பேஜாராவுற? ஒரே வூட்ல ரெண்டு குடித்தனம் வெச்சுடலாம். லினக்ஸ்னு ஒண்ணு கீது. அவுங்க விண்டோஸ் அவுங்களுக்கு. உன் லினக்ஸ் உனுக்கு. பாதிக் கம்ப்யூட்டர் உன்து!"

பாதி! எனக்குப் புல்லரித்தது. அந்த வீட்டில் பாய் ஒன்றுதான் அதுவரை எனக்குப் பாதி கிடைத்திருந்தது. பாஸ்கல் கொடுத்த சிடியைப் போட்டேன். டிஸ்க்கைப் பங்கு பிரித்தேன். பிரித்ததில் அவளுக்கு ஹால், கிச்சன், பெட்ரூம். எனக்குப் பால்கனி.

ஆனாலும் வாசலில் என் ஆள் நின்றான். அவன் பேர் க்ரப். பூட் லோடர். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் முதலில் எழுந்து நிற்பவன். எங்கள் யார்டு வாசலில் "வண்டி எந்தப் பக்கம்?" என்று கேட்கும் கேட்காரன் மாதிரி, திரையில் இரண்டு வரி காட்டுவான். மேல் வரி லினக்ஸ், அதாவது நான். கீழ் வரி விண்டோஸ், அதாவது அவள். பத்து விநாடி சும்மா இருந்தால் என் பக்கம் திறந்துவிடும்.

யசோதரா இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது?"

"பூட்டு."

"என் கம்ப்யூட்டருக்கு எதுக்குய்யா பூட்டு?"

"பூட்டு இல்லமே, பூட்டு!"

"அத்தத்தான் நானும் கேக்கறேன். சாவி எங்க?"

நான் பதில் சொல்வதற்குள் கீழ் அம்புக்குறியை ஒரு தட்டு தட்டி, என் ராஜ்ஜியத்தைத் தாண்டி அவள் பக்கம் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஆறு மாதம், என் பால்கனியில் உட்கார்ந்து லினக்ஸ் காட்டிய ஒரு பென்குவின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

யசோதராவின் அக்கா மதியும், என் சகலை அன்புமணியும் கொடுங்கையூரில் புது ஃபிளாட் வாங்கியிருந்தார்கள். ஞாயிறு கிரகப்பிரவேசம். அன்புமணி நல்ல மனுஷன். ஆனால் தரையில் பதித்த டைல்ஸ் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நம்மை நிறுத்தி, அது எந்த ஊரில் பிறந்தது என்று சொல்வான். அதே ஞாயிறு காலை பத்து மணிக்கு, எங்கள் பேட்டை மைதானத்தில் ஃபுட்பால் ஃபைனல். ஒரு காலத்தில் நான் கோல் கீப்பராக நின்ற டீம். டைல்ஸா, ஃபைனலா?

பக்கத்து வீட்டு அஜீசாக்கா வீட்டில்தான் போன். ஃபைனல் சேதி சொல்ல பாஸ்கல் அங்கே கூப்பிட்டான். நான் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, ரகசியமாகப் பேசினேன். ஆனால் லைன் சரியில்லை. அதனால் ரகசியத்தைக் கொஞ்சம் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"யசோவை எப்டி டபாய்க்கறதுடா?"

"கம்ப்யூட்டரு அவுட்டுன்னு சொல்லு மாமு! ரிப்பேருக்கு எட்துகினு போறேன்னு என் வூட்டாண்ட வந்துடு. அப்டியே மேட்ச்சு!"

"நெஜமாவே கெட்டுட்டா?"

"கெடாது. அந்த க்ரப்பு ஒரு மெனு வெச்சுகினு கீறான்ல, அந்த ஃபைலு பேரை ஒண்டி மாத்திடு. மெனுகார்ட ஒளிச்சு வெச்சா சர்வரு திருதிருன்னு முழிப்பான்ல? அதேதான். அப்பால மூணே வரி அடிச்சா சரியாயிடும். நான் பாத்துக்கறேன்!"

"படா மூளைடா உனுக்கு!"

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினேன். அஜீசாக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. நல்லவேளை, காதில் விழவில்லை என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மதியம் யசோதரா குளிக்கப் போன நேரம், என் பால்கனிக்குள் நுழைந்து அந்த ஃபைலின் பேரை மாற்றினேன். அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். கறுப்புத் திரை. மூலையில் 'க்ரப்' என்று ஒரு சொல், பக்கத்தில் ஓர் அம்புமுனை. அவ்வளவுதான். மெனு இல்லை.

"இன்னாய்யா ஆச்சு?"

"ஐயய்யோ! வைரஸ்மே! பூட் லோடரையே கடிச்சுத் துன்னுடுச்சு!"

"வைரஸ் துன்னா கண்ணாபின்னான்னுல்ல கெடக்கும்? இது இன்னா, பேனாவும் கையுமா 'சொல்லு, எழுதிக்கறேன்'னு காத்துகினு கீது?"

வாசலில் நின்ற அஜீசாக்கா தன் பங்குக்குக் கேட்டது. "கரப்பு பூந்துருச்சா யசோ? பின்பக்கம் ரெண்டு அந்துருண்டை போடு."

"கரப்பு இல்லக்கா, க்ரப்பு!"

"எல்லாம் ஒண்ணுதான். இருட்டுல பூந்து வேலை பாக்கறது." சொல்லிவிட்டு அஜீசாக்கா என்னை ஒரு பார்வை பார்த்தது.

யசோதரா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வாடிப்போயிருந்தது. "உள்ள ரோஸ்மேரி டீச்சர் ஸ்கூல் கேள்வித்தாள் கீதுய்யா. ஆறாங்கிளாஸ்லேர்ந்து பத்து வரிக்கும் அரைப்பரீட்சை. திங்கக்கெழமை காலைல குடுத்தாவணும். என்னை நம்பித்தான் பிரஸ்ஸுக்குக்கூடக் குடுக்காம வெச்சுகினு கீறாங்க."

சரிபண்ண மூன்றே வரிதானே? நெஞ்சை நிமிர்த்தினேன்.

"கவலைப்படாதமே. நாளைக்குக் காலைல ராயபுரத்துக்கு எட்துகினு போயி ரிப்பேர் பண்ணிகினு வரேன். உங்கக்கா வூட்டுக்கு வர முடியாதேன்னுதான் மனசு கஷ்டமாக் கீது."

"போனாப் போவுது. மச்சான்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

இவ்வளவு சுலபமாக ஒன்பது வருஷத்தில் எதுவும் நடந்ததில்லை. மகிழ்ச்சி தாங்காமல் கீழே போய் டீ குடித்து, கேரம் போர்டில் உட்கார்ந்தவன், விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் மேலே வந்தேன்.

ஞாயிறு காலை எட்டு மணி. யசோதராவே சி.பி.யு. பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி, குழந்தைக்குத் தொட்டில் கட்டுகிற மாதிரி முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள்.

"பத்திரம்யா. உள்ள அஞ்சு கிளாஸ் புள்ளைங்க கீறாங்க."

தூக்கினேன். லேசாக இருந்தது. என் புஜபலத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

எங்கள் குடும்பம் பௌத்தக் குடும்பம். அந்த யசோதராவின் கணவர் வீட்டைவிட்டு வெளியேறி ஞானம் பெற்றார். இந்த யசோதராவின் கணவனான நான் சி.பி.யு.வோடு வெளியேறினேன். எனக்கும் ஞானம் கிடைத்தது. ராயபுரத்தில்.

பாஸ்கல் வீட்டில் அவன் மானிட்டரோடு என் பெட்டியை மாட்டினோம். "முதல்ல மூணு வரியை அடிச்சுட்டு, அப்பால நிம்மதியா மேட்ச் பாக்கலாம்" என்றான். சுவிட்சைப் போட்டான். க்ரப்பைக் காணோம். அம்புமுனையைக் காணோம். 'டிஸ்க்கே இல்லை' என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்து நின்றது.

பாஸ்கலின் சிரிப்பு பாதியில் நின்றது.

"மாமு... வழில எங்கனா இடிச்சியா?"

"ஷேர் ஆட்டோல மடியிலதான்டா வெச்சுகினு வந்தேன்!"

"மூலகொத்தளத்தாண்ட பள்ளத்துல ஏறி எறங்கிச்சா?"

"அங்க பள்ளத்துல எறங்காத ஆட்டோ கீதாடா?"

"போச்சு. டிஸ்க் அவுட்டு."

நெஜமாகவே! பொய்யாக அழைத்த வைரஸ் மெய்யாகவே வந்து உட்கார்ந்துவிட்டதா? ரோஸ்மேரி டீச்சர் நினைவுக்கு வந்தார். பரீட்சை ஹாலில் வெறும் கையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் வந்தார்கள். நாற்காலியில் முகம் வாடி உட்கார்ந்த யசோதரா வந்தாள். அவள் முகம்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக வலித்தது. இதை அவளிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

பெட்டியைக் குலுக்கினோம். தட்டினோம். சாய்த்து வைத்தோம். ஃபிளாப்பி போட்டோம், சிடி போட்டோம். பாஸ்கல் சிலுவை போட்டான். பத்தாயிற்று. பதினொன்றாயிற்று. மேட்ச் முடிந்தே போயிற்று. பன்னிரண்டு மணிக்கு, மீன் கழுவிய கையோடு பாஸ்கலின் மனைவி தங்கபுஷ்பம் எட்டிப் பார்த்தது.

"காலைலேர்ந்து அத்தப் போட்டு அடிச்சுகினு கீறீங்களே, மூடியைத் தொறந்து பாத்தீங்களா?"

நானும் பாஸ்கலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முப்பது டன் கிரேனைப் பிரித்து மாட்டுகிறவன் அவன். பின்னால் நாலு ஸ்க்ரூ. கழற்றினோம்.

ஹார்ட் டிஸ்க் இருக்க வேண்டிய இடம் காலி. அந்த இடத்தில் செல்லோ டேப் போட்டு ஒட்டியிருந்தது கிரகப்பிரவேசப் பத்திரிகை. ஓரத்தில் யசோதராவின் முத்து முத்தான கையெழுத்து:

'டிஸ்க் என் கைப்பையில் இருக்கிறது. பந்தி ஒன்றரைக்கு. முகம் கழுவிக்கொண்டு வரவும்.'

கொடுங்கையூருக்கு பஸ்ஸில், காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்துக் குப்பை மேட்டுப் புகை வருகிறதென்று அன்புமணி ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு எனக்காகவே காத்திருந்தான். பதினேழு டைல்ஸ் பார்த்தேன். பதினெட்டாவதில் யசோதரா நின்றாள். பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை.

"இன்னாங்க, ரிப்பேர் முடிஞ்சிச்சா?"

அவள் 'ங்க' போட்டாலே நான் செத்தேன் என்று அர்த்தம்.

"யசோ... கேள்வித்தாளு..."

"நேத்தே முடிச்சாச்சு. அக்கா வூட்டுக்கு வர வழியில டீச்சர் கைலயே ஃபிளாப்பியக் குடுத்துட்டேன்."

"எப்டிமே? பூட் லோடர்தான் போயிடுச்சே!"

"நீ டீ குடிக்கப் போனல்ல? இதுதான் கேளு கேளுன்னு நிக்குதேன்னு, இங்கிலீஷ்ல 'ஹெல்ப்'புன்னு அடிச்சேன். தெரிஞ்ச வேலையெல்லாம் அதுவே வரிசையாச் சொல்லிச்சு. ஒண்ணொண்ணா அடிச்சுப் பாத்தேன். விண்டோஸ் எந்தப் பங்குல கீதுன்னு சொன்னேன், அங்க போன்னேன், கெளம்புன்னேன். கெளம்பிடுச்சு."

ஆறு மாதம் அந்த க்ரப்போடு குடித்தனம் நடத்தியவன் நான். ஒரு தடவைகூட அதனிடம் உதவி கேட்டதில்லை. ஆம்பிளை எப்படி உதவி கேட்பான்?

"அப்ப டிஸ்க்க ஏன்மே கழட்டுன?"

"அரைப்பரீட்சைக் கேள்வித்தாள உன் கைல குடுத்து மேட்ச்சுக்கு அனுப்பச் சொல்றியா?"

"மேட்ச்சா? எந்த மேட்ச்சு?"

"அஜீசாக்கா வூட்டுல நீ போன்ல ரகசியம் பேசுனா, ரெண்டாவது மாடி வரிக்கும் கேக்குதாம்யா."

சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். புது ஃபிளாட்டில் சுவருக்குச் சுவர் எதிரொலி அடித்தது. நல்ல கட்டடம்.

விஷயம் அங்கேயே பந்தியில் பரவியது. சாம்பாருக்கு முன்னால் ஒரு அம்மா வந்து, "எங்க வூட்டு கம்ப்யூட்டரும் முழிக்கவே மாட்டேங்குதும்மா" என்றாள். பாயசம் வருவதற்குள் இன்னும் மூன்று பேர். நான் ஓர் ஓரமாக அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தேன். யசோதரா எல்லோருக்கும் அட்ரஸ் எழுதிக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் எங்கள் பிளாக் வாசலில் ஒரு போர்டு ஏறியது: 'யசோதரா கம்ப்யூட்டர் சர்வீஸ். உங்கள் வீட்டுக்கே வந்து எடுத்துச் செல்வோம்.'

பழுது பார்ப்பது அவள். அந்த 'செல்வோம்', நான் ஒருத்தன்தான்.