சனிக்கிழமைப் பாடங்கள்

எட்டுப் பாடத்தில் மூன்றுக்குச் சரி அடையாளம் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதைச் செய்யமாட்டாமல் சோமசேகரம் திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து பேனை மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"பேனையைத் தின்னாமல் ஏதாவது மூண்டைப் போட்டுத் துலையுங்கோவன்," என்றாள் மனைவி கமலாதேவி, குசினியிலிருந்து.

"எது சனிக்கிழமைப் பாடமெண்டு தெரிஞ்சாலெல்லோ போடலாம்!"

விஷயம் இதுதான். திருகோணமலைத் துறைமுகத்துக் கந்தோர் ஒன்றில் உதவி அதிகாரியாக இருந்த சோமசேகரத்துக்கு, எழுபத்தொன்பதாம் ஆண்டில், தன்னுடைய முப்பத்தெட்டாவது வயதில், கொழும்பிலே எம்.பி.ஏ. என்கிற வணிக முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. இரண்டு வருஷப் படிப்பு. கட்டாயப் பாடங்கள் ஞாயிற்றுக்கிழமை. தெரிவுப் பாடங்கள் எட்டில் சில சனிக்கிழமை, சில ஞாயிற்றுக்கிழமை. எது எந்த நாள் என்பதைப் படிவம் அச்சடித்த புண்ணியவான் போடாமல் விட்டுவிட்டான்.

இந்த வயதிலும் மனிதருக்குப் படிப்பில் என்ன ஆசை என்று அயலெல்லாம் மெச்சியது. ஆசையாவது மண்ணாவது! அவருக்குப் பட்டமே வேண்டாம். சனிக்கிழமைகளில் லிங்கநகர் வீட்டில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான் வேண்டும். காரணம், அவருடைய மேலதிகாரி அருளம்பலம்.

ஆறு வருஷத்துக்கு முன் ஒருநாள், சோமசேகரம் வாய் சும்மா இருக்காமல், "சனிக்கிழமையில எங்கட வீட்டுப் பக்கம் ஒருக்கா வாங்கோவன் சேர்," என்று சொல்லிவைத்தார். அவரும் வந்தார். ஒன்பது மணிக்கு வந்தவர், மத்தியானம் சாப்பிட்டு, சாய்மனைக் கதிரையில் சாய்ந்தெழும்பி, தேத்தண்ணி குடித்து, யுத்த காலத்தில் ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்ட கதையை முழுதாகச் சொல்லிவிட்டு ஆறு மணிக்குத்தான் புறப்பட்டார். சோமசேகரம் வாசல் படலை வரைக்கும் கூடப் போய், "அடுத்த சனியும் கட்டாயம் வரவேணும்," என்று கைகூப்பினார். வீட்டுக்கு வந்த ஆளை வேறு என்ன சொல்லி அனுப்புவது? அடுத்த சனியும் அவர் வந்தார். அதற்கடுத்த சனியும் வந்தார்.

ஆறு வருஷத்தில் ஜப்பான்காரன் முந்நூறு தரம் குண்டு போட்டுவிட்டான். முந்நூறு தரமும் "பிறகென்ன நடந்தது சேர்?" என்று கேட்டவரும் நம்முடைய சோமசேகரம்தான். கேட்காமல் இருக்கலாமா? வருஷா வருஷம் அவரைப் பற்றி மேலிடத்துக்கு இரகசிய அறிக்கை எழுதுகிற கை அல்லவா அது!

சனிக்கிழமைப் பாடங்கள் வாய்த்தால் வெள்ளி இரவே மெயில் ரெயிலில் ஏறிவிடலாம். ஞாயிற்றுக்கிழமைப் பாடங்கள் வாய்த்தால் சனி இரவு ஏறினால் போதும். சனி பகல் முழுக்க ஜப்பான்காரன்தான். படிவமோ வெள்ளிக்கிழமைக்குள் கொழும்பு போய்ச் சேர வேண்டும். அதற்கு முதல் மேலதிகாரி பார்த்து, சிபாரிசு செய்து, ஒப்பமிட வேண்டும். கந்தோர் முறை அப்படி.

அன்று பதினொரு மணிக்குக் கந்தோரிலிருந்து கொழும்புக்கு ட்ரங்க் கோல் எடுத்தார். ஒரே இரைச்சல்.

"ஹலோ! சனிக்கிழமை வாறது எது? சனிக்கிழமை!" என்று கத்தினார்.

"சனிக்கிழமை என்ன வருது?" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. திரும்பினால் அருளம்பலம்.

சோமசேகரம் டெலிபோனைப் பட்டென்று வைத்தார். "க... கப்பல் சேர்."

"என்ன கப்பல்?"

"கோதுமை மா கப்பல்."

"என்ர புத்தகத்தில இல்லையே?"

"இன்னும் நிச்சயமில்லை சேர். அதுதான் விசாரிச்சனான்."

அருளம்பலம் தாடையைத் தடவினார். "அப்ப ஆயத்தமா இருக்க வேணும். இந்தச் சனி ஒன்பதுக்கு வராமல் ஏழுக்கே உங்கட வீட்டை வாறன். ரெண்டு பேருமாப் போய்க் கப்பலைப் பாப்பம்."

கதையைக் கேட்ட கமலாதேவி தலையில் அடித்துக்கொண்டாள். "இரண்டு மணித்தியாலம் கூட வாங்கிக்கொண்டு வந்திருக்கிறியள்! காலமை இடியப்பமும் நான்தானே அவிக்க வேணும்? இனி உங்கட மூளையை நம்பி இருக்க ஏலாது. கோயிலில பூக்கட்டிப் பாப்பம்."

"கலியாணத்துக்கெல்லோ பூக்கட்டிப் பாக்கிறது?"

"சனிக்கிழமைப் பாடம் எதெண்டு கோணேசருக்குத் தெரியாதே? சும்மா இருங்கோ!"

வழக்கமாக வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சுவாமிக்கு முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். எட்டுப் பாடத்துக்கு எட்டு விதப் பூவுக்கு எங்கே போவது? கமலாதேவி அயல் வளவுகளில் எல்லாம் ஏறி இறங்கி, செவ்வரத்தை, அலரி, மல்லிகை, கொன்றை, நித்தியகல்யாணி என்று ஏழு சேர்த்துவிட்டாள். எட்டாவதுக்கு ஒன்றும் அகப்படாமல் பூசணிப் பூவைப் பிடுங்கினாள். எந்தப் பூவுக்கு எந்தப் பாடம் என்று சோமசேகரம் ஒரு தாளில் அழகாக எழுதினார்.

செவ்வாய் பின்னேரம் கோணேசர் கோயில் ஐயர் எட்டுப் பொட்டலத்தையும் பார்த்து மலைத்துப் போனார்.

"பிள்ளைக்கு எட்டு மாப்பிள்ளை வந்திருக்கோ அம்மா?"

"மாப்பிள்ளை இல்லை ஐயா, பாடம். சந்தை ஆய்வு, தொழிற்சட்டம், விளம்பரம்..."

ஐயர் பொட்டலங்களைச் சுவாமிக்கு முன்னால் வைத்தார். கும்பிட வந்திருந்த ஒரு சின்னப் பிள்ளையைக் கொண்டு மூன்றை எடுப்பித்துக் கொடுத்தார். செவ்வரத்தை, அலரி, பூசணி.

கோயிலைச் சுற்றியுள்ள பழைய கோட்டை வழியாக இறங்கி வரும்போது, ஒரு மரத்தடியில் நின்று எந்தப் பாடம் என்று பார்ப்பதற்காகக் கமலாதேவி தாளை விரித்தாள். கோட்டைக்குள் திரிகிற மான்களுக்கு, கோயிலால் வருகிற ஆட்களின் கையில் இருப்பதெல்லாம் தங்களுக்குக் கொண்டுவந்த பிரசாதம் என்று நினைப்பு. ஒரு மான் பின்பக்கமாக வந்து, தாளை ஒரே இழுவையில் உருவிக்கொண்டது.

"ஐயோ! பிடியுங்கோ! பாடம் போகுது!"

முதுமாணி மாணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மானைத் துரத்தினார். மான் நாலு பாய்ச்சல் பாய்ந்து, எட்டாத தூரத்தில் நின்று, எட்டுப் பாடத்தையும் ஆறுதலாக மென்று விழுங்கியது.

"நீங்கள் தொடங்க முதல் அது படிச்சு முடிச்சிட்டுது," என்றாள் கமலாதேவி.

வீட்டுக்கு வந்து, படிவத்தை நடுவில் வைத்து, இரண்டு பேரும் நினைவுபடுத்திப் பார்த்தார்கள்.

"பூசணி காப்புறுதிக் கணிதம். அது நிச்சயம். செவ்வரத்தை?"

"சிவப்பெண்டால் தொழிற்சட்டமாத்தான் இருக்கும்."

"இல்லையப்பா, விளம்பரம். பளிச்செண்டு இருக்குதெண்டு நீங்கள்தானே எழுதினியள்?"

பென்சிலால் போட்டார்கள், அழித்தார்கள். திரும்பவும் போட்டார்கள், அழித்தார்கள். நாலாம் தரம் அழித்தபோது தாள் கிழிந்து, தொழிற்சட்டம் இருந்த இடத்தில் பெருவிரல் போகிற அளவுக்கு ஒரு ஓட்டை விழுந்துவிட்டது.

மறுநாள் அருளம்பலம் படிவத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"இதுக்குள்ளால உங்களைத் தெரியுது, சோமசேகரம்."

"மன்னிக்க வேணும் சேர். எதை எடுக்கிறதெண்டு கொஞ்சம் குழப்பம்."

"ஓ... வகுப்பெல்லாம் எந்த நாளில?"

சோமசேகரத்துக்கு வேர்த்துக் கொட்டியது. "சில பாடம் சனி, சில பாடம் ஞாயிறு சேர். எது எந்த நாளெண்டு தெரியாது. எனக்கு எந்த நாளெண்டாலும் சரி."

அருளம்பலம் படிவத்தை மேசையில் விரித்து வைத்தார். "என்ர கூட்டாளி ஒருத்தர் அங்க படிப்பிக்கிறார். படிவத்தை வைச்சிட்டுப் போங்கோ. நான் விசாரிச்சு, பாத்து நிரப்பிவிடுறன்."

தொலைந்தது காரியம்! சோமசேகரத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. "மனுசன் மூண்டையும் ஞாயிற்றுக்கிழமையிலதான் போடப் போறார். சனிக்கிழமையை விடுவாரே?" என்று கமலாதேவியிடம் புலம்பினார்.

"எனக்கு அழுகை வருது," என்றாள் அவள். உண்மையாகவே வந்தது.

வியாழன் காலை அருளம்பலம் கூப்பிட்டார். ஓட்டைக்குப் பின்னால் தாள் ஒட்டி, சிவப்பு மையால் மூன்று சரி போட்டு, ஒப்பமும் இட்டிருந்தார். புள்ளிவிபரவியல். உயர் கணித முறைகள். காப்புறுதிக் கணிதம்.

எஸ்.எஸ்.சி.யில் கணிதத்தைத் தாண்டுவதற்கே சோமசேகரத்துக்கு மூன்று தரம் பிடித்தது.

"பாடம் கொஞ்சம் கடுமைதான்," என்றார் அருளம்பலம். "அதோட இன்னொரு குறை. மூண்டும் சனிக்கிழமை. காலமை எட்டுத் தொடக்கம் பின்னேரம் ஆறு மட்டும். இரண்டு வருசத்துக்கு." குரலைத் தாழ்த்தினார். "இனிச் சனிக்கிழமைகளில நாங்கள் சந்திக்க ஏலாது."

சோமசேகரத்துக்கு மேசைமேல் ஏறி ஆட வேண்டும்போல இருந்தது. பெரும்பாடுபட்டு முகத்தைத் தொங்கப் போட்டார்.

"எனக்கும் அதுதான் சேர் பெரிய கவலை."

"என்ன செய்யிறது? படிப்பெல்லோ முக்கியம்." அருளம்பலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த மா கப்பல்?"

"அது வராதாம் சேர்."

"நல்லது. அப்ப இந்தச் சனியும் நீங்கள் கணிதத்தைப் பாருங்கோ."

இரண்டு பேரும் செத்த வீட்டில் கைகொடுப்பதுபோலக் கைகொடுத்துப் பிரிந்தார்கள். கந்தோர்ப் பியோன் சரீப் படிவத்தை வாங்கிக்கொண்டு தபால் கந்தோருக்குப் போனார். கிண்ணியாவிலிருந்து தோணியில் வந்து போகிற நல்ல மனிதர். அருளம்பலத்தின் அறை வாசலில் பத்து வருஷமாக இருக்கிறவர்.

சோமசேகரம் விறாந்தையில் நின்று துறைமுகத்தைப் பார்த்தார். மூன்று கணிதம். நூறு சனிக்கிழமை. போக வர ரெயிலில் நித்திரை இல்லை. பரவாயில்லை, எந்தக் கணிதமும் ஜப்பான்காரனை விடப் பொல்லாததாக இருக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

சரீப் பதிவுத் தபால் துண்டுச் சீட்டோடு திரும்பி வந்தார். "பதிஞ்சாச்சு ஐயா. இனி மாத்த ஏலாது."

"நல்லது சரீப். அருளம்பலம் துரையைக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ. பாவம், சனிக்கிழமையில போக்கிடம் இல்லாமல் கவலைப்படப் போறார்."

"கவலையோ?" சரீப் சிரித்தார். "எனக்குப் பிளேன்ரீயும் வடையும் வாங்கித் தந்தெல்லோ சொன்னவர்: 'படலையில நிண்டு கும்பிட்டுக் கூப்பிடுற மனிசன்ர மனம் நோகக்கூடாதெண்டு ஆறு வருசமாப் போனனான் சரீப், தேடிப் பிடிச்சு மூண்டையும் சனிக்கிழமையாப் போட்டிட்டன், இனியாவது வீட்டில படுத்து நித்திரை கொள்ளுவன்' எண்டு!"